வீட்டு ரவுட்டரைச் சீராக அமைத்துக்கொள்வது எப்படி?

நெசவும் வேளாண்மையும் இன்று இணையத்தோடு பின்னிக் கிடக்கின்றன. நெய்து முடித்த சேலையின் படத்தை வெளியூர் வியாபாரிக்கு அனுப்புகிறோம். கூலித்தொகை வங்கிக் கணக்கில் வரவாகிவிட்டதா என்று வீட்டிலிருந்தபடியே பார்த்துக்கொள்கிறோம். 2016 ஏப்ரல் 14 அன்று தொடங்கப்பெற்ற தேசிய மின்னணு வேளாண் சந்தையும், 2018 இல் தமிழக அரசு வெளியிட்ட உழவன் செயலியும் விவசாயியின் கைக்கு விலை நிலவரத்தைக் கொண்டுவந்து சேர்த்திருக்கின்றன. பிள்ளைகளின் படிப்புக்கும் இதுவே துணை.

இவ்வளவுக்கும் வாயிலாக நிற்பது ரவுட்டர் என்னும் ஒரு சிறு பெட்டி. வாய்க்காலில் வரும் நீரை மடையானது வயல் வயலாகப் பகிர்ந்து கொடுப்பதைப் போல, வெளியிலிருந்து வரும் ஒரே இணைய இணைப்பை வீட்டிலுள்ள கைபேசி, கணிப்பொறி, தொலைக்காட்சி ஆகியவற்றுக்குப் பகிர்ந்து கொடுப்பது அதன் வேலை. மடை பழுதாக இருந்தால் தண்ணீர் வீணாகும். காவலின்றித் திறந்து கிடந்தால் பிறர் பாய்ச்சிக்கொள்வர். ரவுட்டரின் நிலையும் அதுவே.

புதுத் தறியை வாங்கி வந்த நிலையிலேயே எவரும் நெய்யத் தொடங்குவதில்லை. அச்சும் விழுதும் மிதியும் தத்தம் இடத்தில் சரியாக இருக்கின்றனவா என்று பார்த்துத் திருத்திக்கொண்ட பிறகே நாடாவைக் கையில் எடுக்கிறோம். ஆனால் ரவுட்டரை மட்டும், பொருத்த வந்தவர் விட்டுச் சென்ற நிலையிலேயே ஆண்டுக்கணக்கில் வைத்திருக்கிறோம். அரை மணி நேரம் செலவிட்டுச் சரிசெய்து கொண்டால் வேகமும் கூடும், பாதுகாப்பும் கூடும். அவ்வழியை அங்கத்தினர்கள் அறிந்துகொள்வதற்காகவே இக்கட்டுரை.

பூட்டுகள் இரண்டு

ரவுட்டருக்கு இரண்டு கடவுச்சொற்கள் உண்டு. இவ்விரண்டையும் ஒன்றென்று எண்ணுவதே அநேகரிடம் காணப்படும் குழப்பம். முதலாவது, வைஃபையில் சேர்வதற்குரிய சொல். இதை வீட்டார் எல்லோரும் அறிவர். இரண்டாவது, ரவுட்டரின் அமைப்புகளைத் திறந்து மாற்றுவதற்குரிய நிர்வாகச் சொல். முன்னது வீட்டு வாசலின் சாவி என்றால், பின்னது பெட்டகத்தின் சாவி.

அமைப்புப் பக்கத்தைத் திறக்கும் முகவரியும் நிர்வாகச் சொல்லும் பெரும்பாலும் பெட்டியின் அடியில் ஒட்டப்பட்ட சீட்டில் அச்சாகியிருக்கும். முகவரி பெரும்பாலும் 192.168.1.1 அல்லது 192.168.0.1 என்று இருக்கும். வீட்டு வைஃபையில் சேர்ந்த கைபேசியின் உலாவியில் இந்த எண்ணை இட்டால் பக்கம் திறக்கும். எதையும் மாற்றுவதற்கு முன் இப்போதுள்ள அமைப்பை ஒரு குறிப்பேட்டில் எழுதி வைத்துக்கொள்வது நலம். "வான்" என்ற தலைப்பின் கீழுள்ளவை இணைய நிறுவனத்தின் இணைப்புக்குரியவை. அவற்றில் கை வைக்கலாகாது. பெட்டியின் பின்புறம் ஊசியால் அழுத்தும் "ரீசெட்" பொத்தானையும் அவசரப்பட்டு அழுத்தலாகாது. அழுத்தினால் நிறுவனத்தார் பதிந்து வைத்த இணைப்பு விவரங்களும் அழிந்துபோகக்கூடும். பின்னர் அவர்கள் வந்துதான் சரிசெய்ய நேரிடும்.

முதல் வேலை, நிர்வாகச் சொல்லை மாற்றுவது. "அட்மின்" என்ற பெயரும் "அட்மின்" என்ற கடவுச்சொல்லுமாகத் தொழிற்சாலையில் இட்டது இட்டபடியே பல பெட்டிகள் இருந்துவந்தன. 2016 இல் மிராய் என்னும் தீய நிரல் உலகெங்கும் பரவியது. அது கையாண்ட தந்திரம் மிக எளிது. இவ்வாறு தொழிற்சாலையில் இடப்பட்ட பெயரும் சொல்லுமான அறுபதுக்கு மேற்பட்ட இணைகளை ஒரு பட்டியலாக வைத்துக்கொண்டு, ரவுட்டர்களையும் கண்காணிப்புக் கேமராக்களையும் ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்த்தது. திறந்தவற்றையெல்லாம் தன் படையில் சேர்த்துக்கொண்டது. அப்படையின் தாக்குதலால் அவ்வாண்டு அக்டோபர் 21 அன்று அமெரிக்காவில் பெரும் இணையதளங்கள் பல, மணிக்கணக்கில் முடங்கின. கருவிக்கு உரியவர்கள் தங்கள் வீட்டுப் பெட்டி இத்தகைய காரியத்தில் ஈடுபட்டிருப்பதை அறியவே இல்லை.

கைபேசி எண் கடவுச்சொல் ஆகாது

வைஃபை கடவுச்சொல்லாகத் தங்கள் கைபேசி எண்ணையே வைத்துக்கொள்ளும் வழக்கம் நம்மிடையே மிகுதி. நினைவில் நிற்கும் என்பது உண்மை. ஆனால் அதன் வலிமையைக் கணக்கிட்டுப் பார்க்க வேண்டும்.

இந்தியாவில் கைபேசி எண் பத்து இலக்கம் உடையது; 6, 7, 8, 9 ஆகிய நான்கில் ஒன்றில் தொடங்குவது. ஆகவே மொத்தம் 400 கோடி எண்களே இருக்க முடியும். நம் கைபேசி ரவுட்டருடன் சேரும் கணத்தில் பரிமாறப்படும் குறிகளைத் தெருவில் நின்றபடியே ஒருவர் பதிவு செய்துகொள்ள முடியும். பின்பு தம் இடத்துக்குச் சென்று, சக்தி வாய்ந்த கணிப்பொறியில் ஒவ்வொரு எண்ணாகப் பொருத்திப் பார்க்கலாம். இன்றைய உயர்தர வரைகலை அட்டை ஒன்று நொடிக்குப் பத்து லட்சத்துக்கு மேற்பட்ட சொற்களைச் சோதிக்க வல்லது. அக்கணக்கில் 400 கோடி எண்களையும் சோதித்து முடிக்க 4,000 நொடி, அதாவது ஒரு மணி ஏழு நிமிடம் போதும்.

இதற்கு மாற்று என்ன? ஒன்றோடொன்று தொடர்பில்லாத ஐந்து சொற்களைச் சேர்த்து ஆங்கில எழுத்தில் எழுதிக்கொள்வது. பழக்கமான 2,000 சொற்களிலிருந்து குருட்டாம்போக்கில் நான்கை எடுத்தால் 16 லட்சம் கோடி சேர்க்கைகள் உண்டு. அவற்றை மேற்கூறிய வேகத்தில் சோதிக்க ஆறு மாதம் பிடிக்கும். ஐந்தாவதாக ஒரு சொல்லைச் சேர்த்தால் ஆயிரம் ஆண்டு ஆகும். உழக்கு, மின்னல், கத்தரி, பாலம், சுண்ணாம்பு என்பன போன்ற சொற்களைக் குழந்தையும் நினைவில் வைத்துக்கொள்ளும். (அச்சில் வந்துவிட்ட இச்சொற்களையே எவரும் எடுத்துக்கொள்ளலாகாது.) வைஃபை கடவுச்சொல் 8 முதல் 63 எழுத்து வரை இருக்கலாம் ஆதலால் இடத்துக்குக் குறைவில்லை. குடும்பத்தார் பெயர், ஊர்ப்பெயர், பிறந்த ஆண்டு ஆகியவற்றைத் தவிர்க்க வேண்டும். வைஃபையின் பெயரிலும் தங்கள் பெயரையோ வீட்டு எண்ணையோ வெளியிட வேண்டியதில்லை.

கடவுச்சொல்லே இன்றி வைஃபையைத் திறந்து வைப்பது பெருந்தன்மை ஆகாது. 2008 ஜூலை 26 அன்று அகமதாபாத்தில் குண்டுகள் வெடிப்பதற்குச் சற்று முன்பு, மிரட்டல் மின்னஞ்சல் ஒன்று செய்தி நிறுவனங்களுக்கு வந்தது. அது நவி மும்பையில் குடியிருந்த ஒருவரின் வீட்டு வைஃபை வழியே சென்றிருப்பதைக் காவல்துறையினர் கண்டறிந்தனர். அவருக்கும் அக்கொடுஞ்செயலுக்கும் யாதொரு சம்பந்தமும் இல்லை. எனினும் முதலில் விசாரணைக்கு உள்ளானவர் அவரே. நம் இணைப்பின் வழியே நடப்பவற்றுக்கு முதலில் பதில் சொல்ல வேண்டியவர் இணைப்புக்கு உரியவரே என்பதை இந்நிகழ்ச்சி உணர்த்துகிறது.

எந்தப் பூட்டுவகை?

அமைப்புப் பக்கத்தில் "செக்யூரிட்டி" என்ற இடத்தில் பல வகைகள் காட்டப்படும். அவற்றுள் "வெப்" என்பது மிகப் பழையது. அதன் பூட்டு உடைபடக்கூடியது என்று 2001 இலேயே மெய்ப்பிக்கப்பட்டது. பின்பு வந்தது டபிள்யூபிஏ. 2004 இல் வந்த டபிள்யூபிஏ2 இன்றும் பயன்படத்தக்கது. 2018 இல் அறிமுகமான டபிள்யூபிஏ3 எல்லாவற்றிலும் மேலானது. முன்பு கூறியபடி குறிகளைப் பதிவு செய்து எடுத்துச் சென்று, வேறிடத்தில் சோதிக்கும் தந்திரம் அதனிடம் பலிக்காது.

வீட்டிலுள்ள கருவிகள் எல்லாம் புதியவையாயின் டபிள்யூபிஏ3 ஐத் தெரிவு செய்க. பழைய கைபேசிகளும் இருப்பின் "டபிள்யூபிஏ2/டபிள்யூபிஏ3" என்ற கலப்பு வகையைக் கொள்க. அதுவும் இல்லாத பெட்டியில் டபிள்யூபிஏ2 போதுமானது. அதன் அருகில் "ஏஇஎஸ்" என்றும் "டிகேஐபி" என்றும் இரண்டு இருந்தால் ஏஇஎஸ் என்பதையே எடுத்துக்கொள்ள வேண்டும்.

"டபிள்யூபிஎஸ்" என்ற வசதியை அணைத்துவிடுவது அவசியம். கடவுச்சொல்லுக்குப் பதிலாக எட்டு இலக்க எண் ஒன்றை இட்டுச் சேரும் வழி அது. எட்டு இலக்கம் என்றால் பத்துக் கோடி எண்கள் ஆயிற்றே, யார் கண்டுபிடிக்க முடியும் என்று தோன்றும். ஆனால் ரவுட்டர் அந்த எண்ணை இரண்டு பாதிகளாகப் பிரித்து, முதற்பாதி சரியா தவறா என்பதைத் தனியே சொல்லிவிடுகிறது. கடைசி இலக்கமோ மற்ற ஏழிலிருந்து கணக்கிடப்படுவது. எனவே முதற்பாதிக்கு 10,000, பிற்பாதிக்கு 1,000, ஆக 11,000 முறை முயன்றாலே பூட்டு திறந்துவிடும். இக்குறை 2011 டிசம்பரில் வெளியாயிற்று. டபிள்யூபிஎஸ் திறந்திருக்கும் வீட்டில் எத்துணை வலிய கடவுச்சொல் இருந்தும் பயனில்லை.

தெருவோடு ஒத்துழைத்தல்

அடுத்தது வேகம். ரவுட்டர்கள் 2.4 கிகாஹெர்ட்ஸ், 5 கிகாஹெர்ட்ஸ் என்னும் இரண்டு அலைவரிசைகளில் இயங்குகின்றன. 2.4 வரிசை தூரம் செல்லும். சுவரை ஓரளவு ஊடுருவும். ஆனால் நெரிசல் மிக்கது. 5 வரிசை வேகம் மிக்கது. ஆனால் ஓரிரு சுவர்களைக் கடந்தால் தளர்ந்துவிடும். ஆகவே ரவுட்டர் இருக்கும் கூடத்தில் 5 வரிசையும், பின்கட்டிலும் வாசலிலும் 2.4 வரிசையும் உதவும். விலை குறைந்த கேமராக்களும் உணர்கருவிகளும் பெரும்பாலும் 2.4 வரிசையை மட்டுமே அறியும். அவை சேர மறுத்தால் இரு வரிசைகளுக்கும் வெவ்வேறு பெயரிட்டு, 2.4 வரிசையில் அவற்றைச் சேர்க்க வேண்டும்.

இந்தியாவில் 2.4 வரிசையில் 1 முதல் 13 வரை சேனல்கள் உண்டு. பதின்மூன்றும் தனித்தனிப் பாதைகள் என்று எண்ணலாகாது. அடுத்தடுத்த சேனல்களுக்கு இடைவெளி 5 மெகாஹெர்ட்ஸே. ஆனால் ஒரு ரவுட்டர் பேசுவதற்கு ஏறத்தாழ 20 மெகாஹெர்ட்ஸ் அகலம் வேண்டும். ஆகவே ஒன்றன்மேல் ஒன்று படாமல் நிற்கக்கூடியவை 1, 6, 11 ஆகிய மூன்றே.

சுவரோடு சுவர் ஒட்டிய நெசவாளர் தெருக்களில் இது முக்கியமான விஷயம். ஒரே சேனலில் உள்ள இரு ரவுட்டர்கள் ஒன்றன் பேச்சை மற்றொன்று கேட்டு, முறை வைத்துப் பேசும். அரைகுறையாக மேற்படும் சேனல்களில் இருப்பவை ஒன்றையொன்று புரிந்துகொள்ள மாட்டா. ஒன்றுக்கு மற்றது வெறும் இரைச்சலாகி இருவர் வேலையும் கெடும். எனவே "நெரிசல் இல்லை" என்று கருதி 3 அல்லது 4 ஆம் சேனலுக்குச் செல்பவர் தமக்கும் அண்டை வீட்டாருக்கும் தீங்கு செய்தவர் ஆகிறார். அவ்வாறே 2.4 வரிசையில் "சேனல் விட்த்" என்ற அகலத்தை 40 என வைப்பவர் தெருவையே அடைத்துக் கட்டில் போட்டவர் ஆகிறார். அதனை 20 என்று வைத்தலே முறை. 5 வரிசையில் இடம் தாராளம் ஆதலால் அங்கே 80 என வைத்துக்கொள்ளலாம்.

இதன் பயன் எவ்வளவு என்பதற்கு ஒரு கணக்கு. சேலைப் படம் ஒன்று 4 மெகாபைட் இருக்கும். ஒரு பைட்டுக்கு 8 பிட் ஆதலால் அது 32 மெகாபிட். நொடிக்கு 10 மெகாபிட் அனுப்பும் இணைப்பில் 50 படங்களை அனுப்ப 160 நொடி, அதாவது மூன்று நிமிடத்துக்கும் குறைவு. இரைச்சலால் அவ்வேகம் நொடிக்கு 1 மெகாபிட்டாகத் தேய்ந்தால் அதே வேலைக்கு 27 நிமிடம் ஆகும். கட்டணமோ இரண்டுக்கும் ஒன்றுதான்.

ஒரு தெருவின் அங்கத்தினர்கள் கூடிப்பேசி, முதல் வீட்டுக்கு 1, அடுத்ததற்கு 6, அதற்கடுத்ததற்கு 11 என்று வரிசையாகப் பிரித்துக்கொண்டால் எல்லோருக்கும் நன்மை. முறைப்பாசனம் செய்து பழகிய நமக்கு இது புதிதன்று.

வைக்கும் இடம்

அமைப்பு எவ்வளவு செம்மையாக இருப்பினும் இடம் தவறாயின் பயன் குறையும். இரும்பும் நீரும் வானொலி அலைக்கு எதிரிகள். ஆகவே ரவுட்டரை இரும்பு பீரோவின்மேலோ, குளிர்பதனப் பெட்டியின் பின்னோ, தண்ணீர்த் தொட்டியின் அருகிலோ வைக்கலாகாது. மைக்ரோவேவ் அடுப்பும் 2.4 வரிசையிலேயே இயங்குவதால் அதனின்றும் விலக்கி வைக்க வேண்டும். வீட்டின் நடுப்பகுதியில், ஆள் உயரத்தில், திறந்த மாடமோ சுவர்ப்பலகையோ உத்தமம். நீண்ட வீடுகளில் பின்கட்டுக்கு அலை எட்டவில்லையெனில் ஒரு கேபிள் இழுத்துச் செல்வதே உறுதியான வழி. அது 100 மீட்டர் வரை தளர்ச்சியின்றிச் செல்லும். தோட்டத்து மோட்டார்க் கொட்டகைக்கு வீட்டு வைஃபையை எதிர்பார்ப்பது வீண். அங்கே சிம் அட்டையுள்ள கருவியே தக்கது.

தறி ஓடும் வீடுகளில் பஞ்சுத் தூசி ரவுட்டரின் காற்றுத் துளைகளை அடைத்து, உட்சூட்டைப் பெருக்கும். மாதம் ஒருமுறை மின் இணைப்பை எடுத்துவிட்டு, உலர்ந்த தூரிகையால் துடைக்க வேண்டும். இடி மின்னல் வேளையில் அடாப்டரைக் கழற்றி வைப்பது நல்லது. கண்ணாடி இழை மின்சாரத்தைக் கடத்தாது. ஆனால் மின்கம்பி கடத்தும்.

விருந்தினருக்குத் தனி வாயில்

நம் வீடுகளுக்கு வியாபாரிகளும் உறவினரும் வந்து போகின்றனர். வைஃபை கேட்பாரை மறுப்பது நமக்கு வழக்கமன்று. அதற்கென்றே "கெஸ்ட் நெட்வொர்க்" என்னும் வசதி பெரும்பாலான ரவுட்டர்களில் உண்டு. வேறு பெயரும் வேறு கடவுச்சொல்லும் உடைய இத்தனி வழியில் சேர்ந்தவர் இணையத்தை மட்டும் பயன்படுத்தலாம். நம் கணிப்பொறியையோ அதிலுள்ள கணக்கையோ தொட முடியாது. திண்ணையில் அமர்த்தி உபசரிப்பதைப் போன்றது இது. கேமராக்களையும் தொலைக்காட்சியையும் இவ்வழியிலேயே சேர்ப்பது மேலும் சிறப்பு.

வழிகாட்டிப் பலகை மாறினால்

நாம் ஒரு வங்கியின் இணையதளப் பெயரை இட்டால் அப்பெயருக்குரிய எண் முகவரியைத் தேடித் தருவது டிஎன்எஸ் என்னும் வழிகாட்டி. ரவுட்டருக்குள் நுழைந்த தீயவர் இந்த வழிகாட்டியை மாற்றிவிட்டால், சரியான பெயரை இட்டும் போலித் தளத்துக்குப் போய்ச்சேர்வோம். 2011 தொடங்கிப் பிரேசில் நாட்டில் இவ்வாறே 45 லட்சம் மோடம்களின் வழிகாட்டி மாற்றப்பட்டது. அவற்றின் மென்பொருளில் இருந்த ஒரு குறை வழியே தீயவர்கள் நுழைந்தனர். மக்கள் தம் வங்கி விவரங்களைத் திருடர் கையில் தாமே ஒப்படைக்க நேர்ந்தது.

இதனைத் தடுக்க மூன்று காரியங்கள் போதும். முதலாவது, டிஎன்எஸ் என்ற இடத்தில் "ஆட்டோமேட்டிக்" என்றோ, நாமே தெரிந்து இட்ட 1.1.1.1, 8.8.8.8, 9.9.9.9 போன்ற பொதுச் சேவை எண்ணோ இருக்கிறதா என்று பார்ப்பது. முன்பின் அறியாத எண் இருந்தால் இணைய நிறுவனத்தாரைக் கேட்க வேண்டும். இரண்டாவது, "ரிமோட் மேனேஜ்மென்ட்" என்பதை அணைத்து வைப்பது. வீட்டுக்கு வெளியிலிருந்து எவரும் அமைப்புப் பக்கத்தைத் திறக்க வேண்டிய அவசியமில்லை. மூன்றாவது, "ஃபர்ம்வேர்" என்னும் உள்மென்பொருளைப் புதுப்பித்து வருவது. தானே புதுப்பிக்கும் வசதி இருந்தால் அதனை இயக்கி வைக்க வேண்டும். 2018 இல் விபிஎன்ஃபில்டர் என்னும் தீய நிரல் 54 நாடுகளில் குறைந்தது 5 லட்சம் கருவிகளைப் பற்றியது. புதுப்பிக்கப்படாத பழைய ரவுட்டர்களே அதற்குப் பெரிதும் இரையாயின. பல ஆண்டுகளாகப் புதுப்பிப்பே வராத பெட்டியை மாற்றிவிடுவதே சிக்கனம்.

இவ்வளவு எச்சரிக்கைக்குப் பின்னும் எவரேனும் பணத்தை இழக்க நேர்ந்தால், காலம் தாழ்த்தாமல் 1930 என்ற எண்ணில் முறையிட வேண்டும். செய்தி விரைவாகச் சென்றால் பணம் கைமாறுமுன் தடுத்து நிறுத்த வாய்ப்புண்டு.

சங்கம் செய்யத்தக்கது

ஒவ்வோர் அங்கத்தினரும் இவற்றைத் தனியே கற்றுச் செய்வது எளிதன்று என்பதை நாம் அறிவோம். முதியவர்கள் இருக்கின்றனர், கைபேசிக்குப் புதியவர்களும் இருக்கின்றனர். தனி ஒருவரால் ஆகாததைப் பலர் கூடிச் செய்வதே கூட்டுறவு. தெருவுக்கு ஒருவராகப் படித்த இளைஞர், இளம்பெண் சிலரைச் சங்கம் தெரிந்தெடுத்து ஒருநாள் பயிற்சி அளிக்கலாம். அவர்கள் வீடு வீடாகச் சென்று, வீட்டார் முன்னிலையிலேயே அமைப்பைச் சரிசெய்து தரலாம். புதிய கடவுச்சொல்லை இடுபவர் வீட்டாராகவே இருக்க வேண்டும். உதவ வந்தவர் அதனைக் குறித்துக்கொள்ளலாகாது. சேனல் பங்கீட்டைச் சங்க அறிவிப்புப் பலகையில் எழுதி வைக்கலாம். சங்க அலுவலகத்து ரவுட்டரையே முதலில் சீர்செய்வது முன்மாதிரியாக அமையும். அங்கத்தினர் அனைவரின் கணக்கும் அவ்வழியே அல்லவா செல்கின்றது?

நிர்வாகச் சொல்லை மாற்றுதல், ஐந்து சொற்களாலான வைஃபை கடவுச்சொல், டபிள்யூபிஏ2 அல்லது டபிள்யூபிஏ3, டபிள்யூபிஎஸ்ஸையும் தொலைநிர்வாகத்தையும் அணைத்தல், 1, 6, 11 இல் ஒரு சேனல், விருந்தினர் வழி, டிஎன்எஸ் சரிபார்ப்பு, உள்மென்பொருள் புதுப்பிப்பு ஆகிய இவ்வெட்டும் முடிந்தால் வேலை முடிந்தது. இவற்றுக்குப் பணச்செலவு ஏதும் இல்லை. இரவு பகலாக உழைத்து ஈட்டிய கூலியும் விளைச்சலின் விலையும் நம் கைக்கே வந்து சேர வேண்டுமானால், அவை வரும் வழியை நாமே காத்துக்கொள்ள வேண்டும். அடுத்த விடுமுறை நாளிலேயே அங்கத்தினர்கள் இதனைத் தொடங்குவார்களாக.